வாவல் கறியும் என் அத்தானும்

என் அத்தான் ஜெபத்தில் கண்ணை மூடமாட்டார். சபையார் அனைவரும் தலை கவிழ்ந்து நிற்கையில், அவர் ஒருவர் மட்டும் கடைசி வரிசையில் நிமிர்ந்து, கூரையின் உத்தரத்தைப் பார்த்தபடி நிற்பார். இது தேவ நிந்தை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையின் டீக்கன் ஆலய முற்றத்தில் வைத்து, போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்கும்படி குற்றம் சாட்டினார். அத்தான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்.

"நான் கண்ணை மூடல்லங்கியத நீங்க எப்பிடிப் பாத்திய, அண்ணே?"

ஆம், அந்த டீக்கன் அத்தானுடைய உடன்பிறந்த அண்ணன். முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காளின் கணவரை. நெய்யூருக்கு வடக்கே, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழையும் கமுகும் வைத்துப் பிழைத்தவர். பள்ளியிறுதி வரை படித்தவர். சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகாததற்குக் காரணம் அவருடைய நெஞ்சு. சிறுவயது முதலே இழுப்பு நோய். தோள்கள் இரண்டும் எப்போதும் மேலேறி, யாரோ பின்னாலிருந்து தூக்கிப் பிடித்திருப்பதுபோல இருக்கும். நீண்ட வாக்கியம் பேசுவதற்கு அவரிடம் மூச்சு கிடையாது. ஆகவே குறுகப் பேசினார். குறுகப் பேசுகிறவர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று நம் நாட்டில் ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தை அவர் திருத்த முயன்றதில்லை.

உத்தரத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது துரிஞ்சில்களை. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சிறு வௌவால்கள். ஓட்டுக்கும் அதைத் தாங்கும் பட்டியல் சட்டத்துக்கும் இடையே ஒரு சுண்டுவிரல் நுழையாத சந்தில் உடம்பைத் தட்டையாக்கிச் செருகிக்கொண்டு பகலைக் கழிப்பவை. விளக்கேற்றும் வேளைக்கு முன்பே, வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கையில், ஒன்றன்பின் ஒன்றாகக் கூரையிலிருந்து உதிர்ந்து பறக்கத் தொடங்கும். ஆலயத்தின் கொசுவையும் வயலின் அந்துப்பூச்சியையும் தின்று வாழ்பவை. அவற்றின் புழுக்கை பிரசங்க பீடத்தில் விழுகிறது என்பதற்காக, கூரையில் புகை போட்டு அவற்றைத் துரத்தவேண்டும் என்று அண்ணன் ஆண்டுதோறும் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவருவார். குட்டி போட்டிருக்கும் காலத்தில் புகை போட்டால் தாய் பறந்துவிடும், குட்டி கூரையிலேயே செத்து அழுகும், பண்டிகை ஆராதனையில் யாரும் மூச்சுவிட முடியாது என்று அத்தான் ஆண்டுதோறும் தடுப்பார். குட்டி செத்துவிடும் என்பதற்காக அல்ல, நாற்றமடிக்கும் என்பதற்காகக் கமிட்டி ஒவ்வொரு முறையும் அவருக்கு இணங்கியது. தேவனுடைய வீட்டை ஆளுகிறவர்களின் இரக்கம் அவர்களுடைய மூக்கில் குடியிருந்தது.

கண்ணைத் திறந்து வைத்திருப்பது அவருக்கு ஜெபத்தில் மட்டும் உள்ள பழக்கம் அன்று. தமக்குள்ளே போகிற எதையும் இன்னதென்று அறியாமல் அவர் உட்கொண்டதில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் இலையின் முன் உட்கார்ந்து, பாயசத்தில் இனிப்பு கருப்பட்டியா சர்க்கரையா என்று கேட்பார். இராப்போசன ஆராதனையில் கிண்ணம் தம்மிடம் வந்தபோது, இது என்ன ரசம் என்று போதகரிடம் தணிந்த குரலில் கேட்டவர் அவர். போதகர் நல்ல மனிதர். உலர்ந்த திராட்சையை வேகவைத்துப் பிழிந்தது என்று அதே தணிவில் சொன்னார். அத்தான் குடித்தார். பிற்பாடு அக்காள் வெட்கத்தால் அழுதாள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நானே கேட்டேன்.

"அவரு சொல்லிட்டாருல்லா. நான் குடிச்சிட்டேன்லா. பின்ன இதுல என்ன கேடு வந்துது?"

நான் அப்போது நாகர்கோவிலில் கல்லூரி மாணவன். மேடையில் எழுந்து நின்றால் எந்தப் பக்கத்தையும் நிலைநாட்டிவிட்டே இறங்குவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை நான் மறுத்ததுமில்லை. எங்கள் சொற்போர் மன்றத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். எடுத்த சீட்டில் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் பேசவேண்டும். விடுமுறைக்கு வந்தவன் இதை அத்தானிடம் விரித்துரைத்தேன். அவர் வாழையில் கன்று பெயர்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ சீட்டு மாறி வந்தா மறுபக்கம் பேசுவியா மக்கா?"

பேசுவேன் என்றேன்.

"அதையும் இதே சத்தத்துலயா?"

அன்று மாலையே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

வௌவால் என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்குவதை அவர் பொறுக்கமாட்டார். பறப்பதால் காகமும் கோழியும் ஒன்றாகுமா என்பார். அவருடைய தோட்டத்தையும் ஆற்றங்கரையையும் சுற்றி வாழ்ந்தவை பல இனம். ஒவ்வொன்றுக்கும் வேறு வீடு, வேறு உணவு, வேறு நடத்தை. அவற்றைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஊர்க்கதை சொல்கிறவனின் குறும்பு ஏறும்.

கல்லறைத் தோட்டத்தின் ஓரம் ஓர் அயனி மரம் நின்றது. பெரிய வாவல்களின் ஊர் அது. நரியின் முகமும் செம்பட்டை மயிரும் கொண்டவை. சிறகை விரித்தால் ஒரு மனிதனின் கைவீச்சு அளவு. பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்கும். குளிர்ந்தால் சிறகைப் போர்வையாகச் சுற்றிக்கொள்ளும். வெயில் ஏறினால் அதே சிறகை விசிறியாக்கி வீசிக்கொள்ளும். ஆனால் தூங்கும் என்று நினைக்கக்கூடாது. கொம்பில் இடம் பற்றி விடிந்தது முதல் சண்டை. ஒன்று நகர்ந்தால் மற்றது கடிக்கும். கடிபட்டது கீச்சிட்டால் மரம் முழுவதும் கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் அத்தான் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "அந்தா, கமிட்டி கூடியாச்சு" என்பார்.

பொழுது சாய்ந்ததும் அதே கமிட்டி கலைந்து, அவசரமில்லாமல் தெற்கே கடலோரத்தை நோக்கிப் போகும். போகிற வழியில் ஆற்றில் தாழ்ந்து, நெஞ்சு மயிரை நனைத்துக்கொண்டு மேலேறி, தொங்கும் இடத்தில் அதை நக்கித் தாகம் தீர்க்கும். பனையில் அக்கானி என்னும் பதநீர்க் கலயத்தில் வாய் வைப்பதால் பனையேறிகள் அவற்றைத் திட்டுவார்கள். இலவம் பூத்த காலத்தில் திரும்பி வருபவற்றின் நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பியிருக்கும். பழத்தை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பும். புன்னைக் கொட்டையைத் தூக்கிச் சென்று யாரும் நடாத இடத்தில் போடும். ஆண்டுக்கு ஒரே குட்டி. அது தாயின் மார்பில் பல்லாலும் நகத்தாலும் பற்றிக்கொண்டு, தாய் பறக்கும் இடமெல்லாம் போகும். கனத்த பிறகுதான் தாய் அதை மரத்தில் தொங்கவிட்டுப் போகும்.

கமுகிலும் பனையிலும் வாழ்பவை வேறு. நாய்க்குட்டி முகம் கொண்ட சிறிய பழந்தின்னிகள். ஓலையின் நரம்பைக் கடித்துக் கடித்து, ஓலை இருபுறமும் மடிந்து கூடாரமாகும்படி செய்து, அதற்குள் குடும்பமாகத் தொங்கும். ஓரிடத்தில் கொய்யாவைப் பறித்து மற்றோரிடத்தில் வைத்துத் தின்னும். தோப்புக்காரர்களிடையே இதனால் வந்த வழக்குகளை அவர் சொல்லிச் சிரிப்பார். பழத்தை இழந்தவன், எச்சம் கிடந்த வீட்டுக்காரனை அடிக்கப் போன கதைகள்.

வாழையில் காய்ந்து தொங்கும் சருகுக்குள் ஒன்று இருந்தது. அதை எனக்குக் காட்டிய அன்று என்னிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று முன்கூட்டியே வாக்கு வாங்கினார். எனக்கு அது எளிதன்று என்று அவருக்குத் தெரியும். சருகின் நுனியை அவர் மெல்ல விலக்கியபோது உள்ளே ஒரு செம்மஞ்சள் உடம்பு. கரிய சிறகில் விரலெலும்புகள் ஒவ்வொன்றும் செம்மஞ்சள் கோடாக ஓடின. சருகின் நிறமும் அதன் நிறமும் ஒன்றே. பறந்தபோது வண்ணத்துப்பூச்சி என்றே சொல்லியிருப்பேன். அதற்காகவே அவர் வாழையில் சருகு களையமாட்டார். சோம்பேறிப் பண்ணை என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் இல்லாதபோது பிரசங்கம் செய்கிறவர் அவர். மந்திரவாதிகளை நாடுகிறவர்கள் அக்கினிக் கடலில் பங்கடைவார்கள் என்று பீடத்தைத் தட்டிச் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டின் பத்தாயப்புரையில், நெல் அளக்கும் தரையில், காலைதோறும் தவளைக் கால்களும் சிட்டுக்குருவியின் சிறகும் எலியின் வாலும் கிடக்கத் தொடங்கின. கதவு பூட்டியபடி இருந்தது. உள்ளே யாரும் போகவில்லை. செய்வினை என்று முடிவு கட்டிவிட்டார். பீடத்தைத் தட்டிய அதே கை, பின்வாசலைத் திறந்து ஆசானை உள்ளே விட்டது. ஆசான் வைத்தியமும் பார்ப்பார், மந்திரமும் பார்ப்பார். அறையின் நான்கு மூலையிலும் எதையோ புதைத்தார். மறுநாளும் தவளைக் கால் கிடந்தது.

அத்தான் ஒரு மாலை அங்கே போய், கூரையின் இருண்ட மூலையைக் கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பார்த்தார். பெரிய காதுகள் நெற்றியில் ஒன்றாகச் சேர்ந்த, சாம்பல் நிற வௌவால்கள் சில அங்கே தொங்கின. இவை பழம் தின்னாதவை. தவளையையும் எலியையும் பிடித்துக்கொண்டு வந்து, தொங்கியபடியே தின்று, வேண்டாததைக் கீழே போடுபவை. சன்னலின் மேல் உடைந்திருந்த கம்பிவலையை அவர் சுட்டிக்காட்டினார். அண்ணனின் வேலையாட்கள் சுற்றி நின்றார்கள்.

"உங்களுக்குச் செய்வினை வச்சவன் அங்க தொங்குகான், அண்ணே. மூலையில பொதச்சதத் தோண்டி எடுத்திருங்க. ஞாயிறாச்ச பிரசங்கம் இருக்கு."

உண்மையைச் சொன்னவனை விட, உண்மையைச் சாட்சிகள் முன் சொன்னவனை மனிதர்கள் அதிகமாக வெறுக்கிறார்கள். எனினும் அண்ணன் தம்பியை வெறுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது எனக்கு எளிது, ஆனால் பொய். அவர் நேசித்தார். தம்பி மூச்சுக்குத் தவிக்கும்போது வாசலில் உட்கார்ந்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுததை என் அக்காள் பார்த்திருக்கிறாள். அந்த நேசத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம். நேசிக்கப்படுகிறவனின் அறிவைத் துச்சமாக எண்ணுகிற நேசம் அது.

நெய்யூர் ஆசுபத்திரிக்கு அத்தான் போவதுண்டு. அங்கே ஒரு பொடியைக் கொடுத்து, கொளுத்தி அதன் புகையை இழுக்கச் சொன்னார்கள். வழக்கம்போல இது என்ன என்று கேட்டார். உங்கள் வேலியோரத்து ஊமத்தை இலைதான் என்று டாக்டர் சொன்னார். இதனால் நோய் தீராது, மூச்சு சிறிது இளகும், அவ்வளவே என்றும் சொன்னார். அத்தான் அந்த டாக்டரைப் பற்றி என்னிடம் சொன்னபோது, தேறிவிடும் என்று வாக்குக் கிடைத்தவரைப்போல மகிழ்ச்சியோடு இருந்தார். அண்ணனுக்கோ ஆத்திரம். தீர்ப்பேன் என்று சொல்லாத வைத்தியன் என்ன வைத்தியன் என்று கத்தினார். மறுபடியும் ஆசானைத் தேடிப் போனார்.

இழுப்புக்கு வாவல் இறைச்சி நல்லது என்பது நம் பக்கத்தில் எல்லாரும் நம்புவது. ஆசான் அதையே சொன்னார். கூடவே ஒரு பத்தியமும் சொன்னார். அந்தப் பத்தியமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எத்தனையோ வீடுகளில் அப்படியே நடந்திருக்கிறது.

"சீக்காளி அறியப்பிடாது. அறிஞ்சா மருந்து இல்ல, வெறும் எறச்சி."

எப்படிப்பட்ட பத்தியம் பாருங்கள்! மருந்து பலிக்கவேண்டுமானால் வீடு முழுவதும் பொய் சொல்லவேண்டும். பலிக்காவிட்டால் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். வைத்தியன் தோற்பதற்கு இதில் வாசலே இல்லை. நான் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ சாமர்த்தியமான வாதங்களைச் சந்தித்திருக்கிறேன். இவ்வளவு பத்திரமாகக் கட்டப்பட்ட வாதத்தை வேறெங்கும் கண்டதில்லை. அது கட்டப்பட்டது யார்மேல்? உலகத்தில் எல்லாவற்றையும் விட, தெரியாமல் எதையும் விழுங்குவதை வெறுத்த ஒரு மனிதர்மேல்.

மாசி மாதம். ரப்பர்த் தோட்டத்துக் காவல்காரன் ஒருவனை அண்ணன் துப்பாக்கியோடு வரவழைத்தார். நான் அன்று வடசேரியில் பஸ் ஏறி, அக்காள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஊருக்குள் நடந்து வரும்போதே வெடிச் சத்தம் கேட்டது. அயனி மரத்தின்மேல் வானம் கறுத்துச் சுழன்றது. பட்டப்பகலில் வாவல்கள் திசை தெரியாமல் கல்லறைகள்மேல் வட்டமிட்டன. குட்டிக் காலம் அது. சுடப்பட்டு விழுந்தவற்றில் சிலவற்றின் மார்பில் குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிற்பாடுதான் கேட்டறிந்தேன். அந்த வாரத்திலேயே மிச்சமிருந்தவை மரத்தை விட்டுப் போய்விட்டன; பிறகு அங்கே கமிட்டி கூடவில்லை.

அத்தான் வீட்டில் இருமிக்கொண்டு படுத்திருந்தார். வெடி எதற்கு என்று கேட்டார். பன்றிக்கு என்று அக்காள் சொன்னாள். அதுதான் முதல் பொய். வாவல்கள் வெடிக்கு மிரண்டு எழுந்தன என்றே எண்ணியிருந்த எனக்கும் அது பொய் என்று அப்போது தெரியாது.

நண்பகல் உணவுக்கு அண்ணனும் வந்திருந்தார். எனக்கும் அவருக்கும் கோழிக்கறி. அத்தானுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில், மிளகு சற்று அதிகமாக இட்ட கறி. நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லி அக்காள் வைத்தாள். அத்தான் கேட்டார்: "என்ன இது?"

"கோழி."

அவர் தின்றார். என் அக்காள் சொன்னாள், ஆகையால் தின்றார். பாதி கிண்ணம் ஆனபோது பல்லில் ஏதோ கடிபட்டது. விரலை விட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கடுகைவிடச் சற்றுப் பெரிய ஈயக்குண்டு. அதை இலையின் ஓரத்தில், எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார்.

"ஏட்டி, எந்த வீட்டுக் கோழியை வெடிவச்சுப் பிடிச்சிய?"

அண்ணன் என் அக்காளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சொல்லிவிடாதே, சொன்னால் அவன் மூச்சு போய்விடும் என்ற பார்வை. அக்காளின் முகம் வெளுத்திருந்தது. அத்தான் குரலை உயர்த்தாமல் மறுபடியும் கேட்டார்.

"நீ சொல்லு. இது என்னது?"

"கோழிதான்," என்றாள் என் அக்காள்.

அவர் எழுந்து கை கழுவினார். கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம். கோபிக்கவில்லை. தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அன்று அண்ணனுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. தம்பியின் உயிருக்காகத்தான் செய்தேன் என்றார். உயிருக்காக ஒரு மனிதனின் வாய்க்குள் பொய்யைத் திணிக்கலாமென்றால், கண்ணைக் கட்டிக்கொண்டுபோய் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கும்பிட வைக்கலாமே, அப்போது உங்கள் பிரசங்கம் எதற்கு என்றேன். வீட்டு வாசலிலேயே நின்று, மேடையில் பேசுவதுபோலப் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, "நீ படிச்சவன். ஒனக்கு ஒரு தம்பி மூச்சுக்குக் கெடந்து துடிச்சாத் தெரியும்" என்றார்.

மறுநாள் முதல் அத்தான் தமக்குத் தாமே கஞ்சி வைத்துக்கொண்டார். தோட்டத்துக் கொட்டகையில் மூன்று கல் கூட்டி, ஒரு மண்சட்டியில் அரிசி போட்டு, தாமே பயறு வேகவைத்துத் தின்றார். வீட்டில் தூங்கினார், என் அக்காளோடு பேசினார், அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஊர் முழுவதும் தெரிந்தது. மனைவி விஷம் வைத்தாளோ என்றுகூடச் சந்தையில் கேட்டார்கள். என் அக்காள் உருகி ஓய்ந்தாள். இதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. இதையும் எழுதாமல் விட்டால் இந்தச் சித்திரம் பாதி பொய்யாகும். பங்குனியில் ஒருமுறை கொட்டகைக்குப் போய் நேருக்கு நேர் கேட்டேன். அவள் அன்பினால் செய்தாள் என்பது உங்களுக்குத் தெரியாதா? அவளை எதற்காக இப்படி வதைக்கிறீர்கள்?

அவர் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். பேச மூச்சைச் சேர்த்துக்கொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று.

"எம் மூச்சுக்காவச் செஞ்சா. அது எனக்குத் தெரியும். எம் மொகத்தப் பாத்து கோழின்னு சொன்னா. அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டுல எத மறக்கச் சொல்லுத?"

அவள் வந்து உண்மையைச் சொன்னால் போதுமா என்று கேட்டேன். அதை அவளிடம் போய் நான் சொல்லக்கூடாது என்றார். சொல்லிக்கொடுத்து வருவது தமக்கு வேண்டாம் என்றார். நானும் சொல்லவில்லை.

அக்காளால் சொல்ல முடியவில்லை என்பதற்குக் காரணம் பிடிவாதமன்று. ஆசானின் பத்தியம் அவள் நெஞ்சிலும் இறங்கியிருந்தது. அரைக் கிண்ணம் உள்ளே போயிருக்கிறது; தான் வாய் திறக்காதவரை அந்த அரைக் கிண்ணம் அவருக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் என்று அவள் நம்பினாள். அவர் தன்னைத் தள்ளிவைத்த ஒவ்வொரு நாளையும், அவர் மூச்சுக்குத் தான் கொடுக்கும் விலையாக எண்ணிச் சகித்தாள். இப்படி இரண்டு நேர்மையான மனிதர்களை ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பாகப் பிரித்து வைத்துவிட்டு, ஆசான் பக்கத்து ஊரில் அடுத்த நோயாளிக்கு அதே பத்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை வந்தது. மழையோடு இழுப்பும் வந்தது. செய்தி கிடைத்து நான் போனபோது அத்தான் கட்டிலில் உட்கார்ந்து, முன்னால் இருந்த தலையணைமேல் முழங்கைகளை ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் அடுப்பு மூட்டத் திராணியில்லை. ஆகையால் இரண்டு நாளாகச் சாப்பாடும் இல்லை. அரைக் கிண்ணம் வேலை செய்யவில்லை என்பதை அக்காள் அப்போதுதான் ஒப்புக்கொண்டாள் போலும்.

பக்கத்துத் தோப்பில் கொய்யா மரத்தின்மேல், கடியப்பட்டணத்திலிருந்து வாங்கிய பழைய மீன்வலையைப் போர்த்தியிருந்தார்கள். அதில் ஒரு வாவல் சிக்கிச் செத்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் அக்காள் அதை வாங்கி வந்து, தானே உரித்து, தானே சமைத்தாள். நான் அடுக்களையில் அதைப் பார்த்துத் திகைத்து நின்றேன். மறுபடியுமா என்று கேட்கவும் வாயெடுத்தேன். அவள் என்னைக் கடந்து, கிண்ணத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"வாவல் கறி. அண்ணைக்கு வச்சதும் இதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மழை ஓட்டின்மேல் பெய்துகொண்டிருந்தது. மெதுவாக, இடையிடையே மூச்சுக்கு நிறுத்தி, சொன்னார்: "அறிஞ்சா... மருந்து இல்லன்னு... ஆசான் சொன்னாரே."

"மருந்து இல்ல. வெறும் எறச்சி. தின்னுதியளா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, முகம் நீலம் பாரித்தது. அக்காள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அது தணிந்த பிறகு கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினார். அயனி மரத்தில் கமிட்டி கூடும் சத்தத்துக்கு மண்வெட்டியை நிறுத்திக் கேட்ட அந்த மனிதர், அந்தக் கறியைத் தின்றார். முழுவதும் தின்றார். நல்லாருக்கு என்று சொல்லவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தின்று முடித்துக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, "உப்பு கொறவு" என்றார். என் அக்காள் அடுக்களைக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அன்று முதல் கொட்டகை அடுப்பு மூட்டப்படவில்லை.

ஐப்பசியில், துலா மழையில் அவர் இறந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினோம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் எங்கள் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்திருந்தார்கள். ஆண்கள் முற்றத்துப் பந்தலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணன் நடுவில். அவர் அழுதுகொண்டுதான் இருந்தார். அழுகையின் நடுவில், பந்தல் முழுவதும் கேட்கும்படி, அதைச் சொன்னார்.

"அவ வாயி சும்மா இருந்திருந்தா எந்தம்பி இருந்திருப்பான். மருந்த வெறும் எறச்சி ஆக்கிட்டா."

தலைகள் அசைந்தன. போதகர் தரையைப் பார்த்தார். நான் எழுந்தேன். நான் கற்ற கலை முழுவதும் அந்தக் கணத்தில் என் தொண்டையில் திரண்டு நின்றது. ஆசானை, அண்ணனை, தலையசைத்த ஊரை, தரையைப் பார்த்த போதகரை, ஒவ்வொருவராக நிறுத்திக் கிழித்தெறியும் சொற்கள் என்னிடம் இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் அக்காள் வந்தாள்.

கணவனை அன்று புதைத்தவள் மூலையை விட்டு எழுந்து ஆண்களின் பந்தலுக்கு வரும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அவள் வந்தாள். பரிமாறிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து ஒரு கிண்ணத்தை வாங்கி, நேராக நடந்து, அண்ணனின் முன்னால் வைத்தாள். பந்தலில் எல்லாருக்கும் கேட்டது. அவள் சத்தம் போடவில்லை.

"இது கஞ்சி. அரிசி, பயறு, உப்பு. வேற ஒண்ணும் போடல்ல. குடியுங்க."

அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார். அவள் நின்றுகொண்டேயிருந்தாள். கையை நீட்ட முயன்றார், முடியவில்லை. மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, பந்தலைத் தாண்டி, மழையில் இறங்கி நடந்தார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, பந்தியில் வேறு யாரும் முதல் வாய் எடுக்கவில்லை.